காயலான் கடையில் எடை போட முடியாத பேட்டரி

வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி ஓய்ந்துபோனால் அதை என்ன செய்வது என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்வதில்லை. புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள். காயலான் கடைக்காரரும் தராசில் தூக்கி வைத்துக் காசு கொடுப்பார். அந்த பேட்டரியின் எடையில் பாதிக்கு மேல் ஈயம். ஈயம் 327 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். உருக்கிக் கட்டியாக்கினால் திரும்பவும் பேட்டரிக்கே போகும். (ஊருக்கு வெளியே கொட்டகை போட்டுத் திருட்டுத்தனமாக ஈயம் உருக்குபவர்களால் மண்ணும் குழந்தைகளின் ரத்தமும் கெடுவது தனிக் கதை.)

மின்சார ஸ்கூட்டரின் லித்தியம் பேட்டரிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதில் எடையை ஆளும் ஒற்றை உலோகம் இல்லை. உருக்கினால் தனியாக வழிந்து வராது. எல்லாவற்றுக்கும் மேலாக, உடைக்கப் போனால் தீப்பிடிக்கும். ஒரே எடையுள்ள இரண்டு லித்தியம் பேட்டரிகளில் ஒன்றுக்கு மறுசுழற்சி ஆலை காசு கொடுத்து வாங்கும். இன்னொன்றை எடுத்துக்கொள்ள நம்மிடம் காசு கேட்டாலும் கேட்கும். ஏன் இந்த வேறுபாடு என்று புரிந்துகொண்டால் லித்தியம் பேட்டரி மறுசுழற்சியில் பாதி புரிந்த மாதிரி.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது

3 கிலோவாட் அவர் (கரண்ட் பில் கணக்கில் 3 யூனிட்) கொள்ளளவுள்ள ஒரு ஸ்கூட்டர் பேட்டரியை எடுத்துக்கொள்வோம். உள்ளே 21700 எனப்படும் உருளை செல்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். 21 மில்லிமீட்டர் விட்டம், 70 மில்லிமீட்டர் உயரம் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. ஒரு செல்லின் அழுத்தம் 3.6 வோல்ட், கொள்ளளவு 5 ஆம்பியர் அவர், ஆக 18 வாட் அவர். 12 செல்களைப் பக்க இணைப்பில் சேர்த்தால் ஒரு குழு. அப்படி 14 குழுக்களைத் தொடராக இணைத்தால் 50 வோல்ட் சொச்சம். மொத்தம் 168 செல்கள். ஒன்று சுமார் 70 கிராம் என்றால் செல்கள் மட்டுமே 12 கிலோவுக்குப் பக்கம். மிச்ச எடை அலுமினியப் பெட்டி, இணைப்புத் தகடுகள், ஒயர்கள், பி.எம்.எஸ். எனப்படும் கண்காணிப்புப் பலகை, எல்லாவற்றையும் ஆடாமல் பிடித்துக்கொள்ளும் பசை. மொத்தத்தில் 20 கிலோவை ஒட்டி வரும்.

ஒரு செல்லைப் பிரித்துப் பார்த்தால் பாய் சுருட்டியது போல இரண்டு நீளமான தாள்கள். ஒன்று செம்புத் தாள், அதன் மேல் கிராஃபைட் பூச்சு, இது ஆனோடு. மற்றது அலுமினியத் தாள், அதன் மேல் லித்தியம் கலந்த உலோகச் சேர்மம், இது கேத்தோடு. இரண்டும் தொட்டுக்கொள்ளாமல் நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் படலம். எல்லாம் ஊறிக் கிடப்பது எளிதில் தீப்பற்றும் ஒரு கரிமக் கரைப்பானில். அதில் லித்தியம் ஹெக்ஸாஃபுளூரோபாஸ்பேட் என்ற உப்பு கரைந்திருக்கிறது. இந்த உப்பு தண்ணீரையோ ஈரக்காற்றையோ தொட்டால் ஹைட்ரஜன் புளூரைடு உண்டாகும். கண்ணாடியையே அரிக்கும் நச்சு அது. செல்லை ஆக்ஸா பிளேடால் அறுத்துப் பார்க்க ஆசைப்படுபவர்கள் இதை மட்டுமாவது நினைவில் வைக்க வேண்டும்.

விலையைத் தீர்மானிப்பது கேத்தோடு. இந்தியச் சாலைகளில் பெரும்பாலும் இரண்டு வகை. என்.எம்.சி. என்பது நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்தது. எல்.எஃப்.பி. என்பது இரும்பும் பாஸ்பேட்டும். நிக்கல் கூடுதலாக உள்ள என்.எம்.சி. வகையில் நம் 3 கிலோவாட் அவர் பேட்டரி அமைந்தால் அதில் ஏறத்தாழ 2 கிலோ நிக்கலும் 300 கிராம் லித்தியமும் இருக்கும். கோபால்ட் அதைவிடக் கொஞ்சம் குறைவு. எல்.எஃப்.பி.யாக இருந்தால் லித்தியம் அதே அளவுதான்; ஆனால் நிக்கலும் இல்லை, கோபால்ட்டும் இல்லை. ஒரு கிலோ தூய எல்.எஃப்.பி. தூளில் 44 கிராம் லித்தியம், 354 கிராம் இரும்பு, 196 கிராம் பாஸ்பரஸ். இரும்பைக் கரைத்தெடுப்பதற்காக யார் அமிலம் வாங்குவார்கள்?

ஓய்ந்தது பேட்டரியா, ஒரு குழுவா?

புதிதாக இருந்தபோது பிடித்த மின்னூட்டத்தில் 70 முதல் 80 சதவீதமே இப்போது பிடிக்கிறது என்றால் அந்த பேட்டரி வண்டிக்கு ஓய்ந்துவிட்டது என்று கொள்வது வழக்கம். 100 கிலோமீட்டர் ஓடிய வண்டி 75இல் நின்றால் கணக்கு சரியாக வரும். டயரில் காற்றுக் குறைவும் பிரேக் உரசலும் இதே மாதிரி காட்டும் என்பதால் முதலில் அவற்றைப் பார்த்துவிட வேண்டும்.

தேய்மானத்துக்கு முதல் எதிரி வெப்பம். கிராஃபைட்டின் மேல் இயல்பாகவே படியும் ஒரு மெல்லிய படலம் சூட்டில் வேகமாகத் தடிக்கும். தடிக்கத் தடிக்க லித்தியத்தை விழுங்கிக்கொள்ளும். சித்திரை வெயிலில் 100 சதவீதம் ஏற்றி நிறுத்திவைத்த வண்டி, ஓடாமலேயே மூப்படையும்.

இது படிப்படியாக வரும் மூப்பு. மீட்டரில் 40 சதவீதம் காட்டிக்கொண்டிருந்த வண்டி மேம்பாலம் ஏறும்போது சட்டென்று அணைந்துவிட்டால் கோளாறு பெரும்பாலும் வேறு. 14 குழுக்களில் ஒன்று மட்டும் பலவீனமாகியிருக்கும். அந்தக் குழு 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதும் பி.எம்.எஸ். மொத்த இணைப்பையும் துண்டித்துவிடும். ரெட்டை மாட்டு வண்டியில் ஒரு மாடு படுத்துக்கொண்டால் மற்றதன் பலம் எதற்கு உதவும்? மற்ற 13 குழுக்களும் திடமாக இருக்க, மொத்தப் பெட்டியும் குப்பை என்று எழுதப்படுகிறது. பி.எம்.எஸ். பலகையில் ஈரம் இறங்கிப் பூத்துப்போனாலும் இதே கதிதான். ஆகவே நல்ல ஆலையில் முதல் வேலை நொறுக்குவதல்ல, அளப்பது. பி.எம்.எஸ். பதிவுகளைப் படிப்பார்கள்; குழுவாரியாக வோல்ட்டும், மின்னோட்டத்துக்குச் செல்லே காட்டும் எதிர்ப்பான உள் தடையும் பார்ப்பார்கள். சிக்கல் என்னவென்றால், பல தயாரிப்பாளர்கள் அந்தப் பதிவுகளைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2027 பிப்ரவரி 18 முதல் மின்வாகன பேட்டரிகளுக்கு, ஸ்கூட்டர் போன்ற இலகு வாகன பேட்டரிகளுக்கும் சேர்த்து, ஒவ்வொன்றின் விவரங்களையும் பதிந்துவைக்கும் டிஜிட்டல் கடவுச்சீட்டைக் கட்டாயமாக்கியிருப்பது இந்தப் பூட்டைத் திறக்கத்தான்.

இரண்டாம் வேலை

வண்டியை இழுக்கத் தெம்பில்லாத செல், இரவில் நாலு விளக்கும் ஃபேனும் ஓட்டத் தாங்கும். இழுப்பு குறைவு, அதிர்வு இல்லை, எடை ஒரு பொருட்டில்லை. ஆம்ஸ்டர்டாமின் யோகன் கிராய்ஃப் கால்பந்து அரங்கில் 2018 முதல் நிசான் லீஃப் கார்களின் புதிய, பழைய பேட்டரிகளைக் கலந்து 2.8 மெகாவாட் அவர் சேமிப்பகம் இயங்குகிறது. இந்தியாவில் ஆடி நிறுவனத்தின் சுற்றுச்சூழல் அறக்கட்டளை உதவியுடன் நுனம் என்ற நிறுவனம், சோதனைக் கார்களில் ஓடிய பேட்டரிகளை மின் ரிக்‌ஷாக்களில் பொருத்திப் பார்த்தது.

சின்ன அளவில் செய்பவர்கள் சறுக்குவது தரம் பிரிப்பதில். ஒவ்வொரு செல்லையும் முழுக்க ஏற்றி, ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்தில் காலியாகும் வேகத்தில் இறக்கி, எத்தனை ஆம்பியர் அவர் வந்தது என்று குறிக்க வேண்டும். அடுத்து உள் தடை. அடுத்துதான் பொறுமையைச் சோதிக்கும் கட்டம்: ஏற்றிய செல்லை இரண்டு முதல் நான்கு வாரம் சும்மா வைத்து, தானாக எவ்வளவு வோல்ட் இறங்குகிறது என்று பார்ப்பது. கூட்டாளிகளைவிட வேகமாக இறங்கும் செல்லுக்குள் நுண்ணிய கசிவு இருக்கிறது. அது நாளைய தீ. இந்தக் காத்திருப்பை விட்டுவிட்டு, அன்றே அளந்து அன்றே பற்றவைத்து விற்கும் 'சோலார் பேட்டரி'களில்தான் வினை இருக்கிறது. கொள்ளளவு இரண்டு மூன்று சதவீதத்துக்குள் ஒத்துப்போகும் செல்களை மட்டுமே ஒன்றாகக் கட்ட வேண்டும். பற்றவைத்த நிக்கல் பட்டையைக் குறடால் பிய்க்கும்போது செல்லின் தகரமும் கிழிந்தால் அதை எடுத்துவிட வேண்டும். பார்வைக்கு ஊசித் துளைதான், உள்ளே ஈரம் இறங்கிக்கொண்டிருக்கும்.

இவ்வளவு உழைப்பும் கூலியும் சேர்ந்தால் விலை கட்டுப்படியாகுமா என்பது வேறு கேள்வி. உலகச் சராசரியில் புது பேட்டரிப் பெட்டியின் விலை 2024இல் கிலோவாட் அவருக்கு 115 டாலருக்கு வந்துவிட்டது. புதியது மலிய மலிய, பழையதைச் சோதித்துச் சேர்ப்பவருக்கு லாபம் சுருங்குகிறது. செல் செல்லாகப் பிரிக்காமல் முழுப் பெட்டியையோ முழு மாட்யூலையோ (பெட்டிக்குள் ஒன்றாகக் கட்டிய செல் தொகுப்பு) அப்படியே மறுபடி பயன்படுத்துபவர்களுக்குத்தான் இன்று ஓரளவு கட்டுப்படியாகிறது.

காலி செய்தல், திறத்தல்

மறுசுழற்சிக்குப் போகும் பேட்டரியில் முதலில் மின்சாரத்தை வடிக்க வேண்டும். மிச்ச மின்னூட்டத்தோடு நொறுக்கினால் ஆனோடும் கேத்தோடும் நேரடியாக உரசிச் சூடேறும். பிளாஸ்டிக் படலம் சுமார் 130 டிகிரியில் உருகத் தொடங்கும். அதற்குப் பிறகு சூடே சூட்டைக் கிளப்பும். 200 டிகிரி வாக்கில் என்.எம்.சி. கேத்தோடு தானே ஆக்ஸிஜனை வெளிவிடும் என்பதால் மண்ணைப் போட்டு மூடினாலும் தீ அடங்காது. நிறைய தண்ணீரால் குளிர்விப்பதே வழி. 2024 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் ஃபிரெடெரிக்டவுன் என்ற ஊரிலுள்ள பேட்டரி மறுசுழற்சி ஆலை எரிந்தபோது சுற்றுவட்டார மக்களை வெளியேற்ற வேண்டியிருந்தது.

இணையத்தில் பிரபலமான முறை உப்புத்தண்ணீரில் ஊறவைப்பது. ஆய்வகத்தில் ஒற்றைச் செல்லுக்கு 5 முதல் 10 சதவீத உப்புக் கரைசலில் ஒரு நாள் வைப்பார்கள். 50 வோல்ட் பெட்டியை அப்படியே தொட்டியில் போடுவது வேறு விஷயம். முனைகள் அரித்து அறுந்துபோகும். அறுந்தபின் உள்ளேயுள்ள மின்சாரம் வெளியேற வழியே இல்லாமல் போகும். ஹைட்ரஜனும் குளோரினும் குமிழியிடும். மிஞ்சுவது உள்ளே எவ்வளவு மிச்சம் என்று தெரியாத ஒரு பெட்டியும் ஒரு தொட்டி நச்சுத் தண்ணீரும்.

ஆலைகளில் மின்தடை மூலம் வடிப்பார்கள். பெரிய கார் பேட்டரி என்றால் மின்கட்டமைப்புக்கே திருப்பி அனுப்புவார்கள். 1 கிலோவாட் சுமை கொடுத்தால் நம் ஸ்கூட்டர் பேட்டரி 3 மணி நேரத்தில் காலி. ஆனால் சுமையை எடுத்ததும் வோல்ட் மெல்ல மேலே ஏறும். வேலையாட்கள் ஏமாறும் இடம் இது. மீட்டர் பூஜ்யம் காட்டியதும் கழற்றிவிடாமல், மின்தடையோடோ இரு முனைகளையும் இணைத்தோ பல மணி நேரம் விட்டுவைக்க வேண்டும். இப்படி அடிவரை வடித்த செல்லைத் திரும்ப ஏற்றக் கூடாது. ஆனோடின் செம்பு கரைந்திருக்கும். ஏற்றும்போது அது ஊசி ஊசியாகப் படிந்து உள்ளேயே குறுக்கு இணைப்பு உண்டாக்கும். எனவே 'இரண்டாம் வேலையா, நொறுக்கலா' என்ற முடிவை வடிப்பதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும்.

திறக்கும் வேலையில் இயந்திரம் அதிகம் உதவுவதில்லை. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு பெட்டி, ஒரு போல்ட், ஒரு பசை. கார் பேட்டரி 400 வோல்ட் இருக்கும்; அதில் கை வைப்பவர் 1000 வோல்ட் தாங்கும் ரப்பர் கையுறை போட்டு, இணைப்பு துண்டிக்கும் பிளக்கை உருவி, மின்தேக்கிகள் காலியாகச் சில நிமிடம் பொறுத்து, பக்கத்தில் இன்னொரு ஆளையும் வைத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும். அதிர்வையும் தீப்பரவலையும் தடுக்க உள்ளே ஊற்றும் கெட்டிப் பசை, ஓட்டுபவருக்கு நன்மை, பிரிப்பவருக்குத் தலைவலி. ஸ்க்ரூவுக்குப் பதில் பசை என்று வடிவமைப்பாளர் எடுக்கும் ஒரு முடிவு, பத்து வருடம் கழித்து அந்த பேட்டரி நேராக நொறுக்கிக்குப் போவதைத் தீர்மானித்துவிடுகிறது.

கருந்தூள்

நொறுக்கும் இயந்திரத்துக்குள் நைட்ரஜன் நிரப்பியிருப்பார்கள், அல்லது தண்ணீருக்கடியில் நொறுக்குவார்கள். தண்ணீர் முறை மலிவு, சூடும் அடங்கும். ஆனால் புளூரைடு கலந்த கழிவுநீரைச் சுண்ணாம்பு சேர்த்துத் தெளியவைக்க வேண்டும். பின் உலர்த்தி, காந்தத்தால் இரும்பை இழுத்து, சல்லடையிலும் காற்றோட்டத்திலும் செம்பு, அலுமினியம், பிளாஸ்டிக்கைப் பிரித்தால் கடைசியில் மிஞ்சுவது கரித்தூள் மாதிரி ஒரு பொடி. தொழிலில் இதற்குப் பெயர் பிளாக் மாஸ், கருந்தூள் என்போம். கேத்தோடுத் தூளும் கிராஃபைட்டும் கலந்த இதற்குள்தான் நிக்கலும் கோபால்ட்டும் லித்தியமும் இருக்கின்றன.

எவ்வளவு பொடியாக நொறுக்குவது என்பதில் ஒரு கைப்பக்குவம் உண்டு. அதிகம் நொறுக்கினால் செம்பும் அலுமினியமும் தூளோடு கலந்து அடுத்த கட்டத்தில் அமிலத்தைத் தின்னும். குறைவாக நொறுக்கினால் கருந்தூள் தாளிலேயே ஒட்டிக்கொண்டு பழைய செம்போடு போய்விடும். இந்த இடத்தோடு நிறுத்தி, கருந்தூளை மற்றவர்களுக்கு விற்றுவிடும் ஆலைகளும் உண்டு. இந்தியாவில் ரூர்க்கியின் அட்டெரோ, கிரேட்டர் நொய்டாவின் லோஹும் போன்றவை அடுத்த கட்டத்துக்கும் போகின்றன.

அடுத்த கட்டத்துக்கு இரண்டு வழி. ஒன்று உலை. 1400 டிகிரிக்கு மேல் உருக்கினால் நிக்கல், கோபால்ட், செம்பு கலவையாக அடியில் தங்கும். கிராஃபைட்டும் பிளாஸ்டிக்கும் எரிபொருளாகிவிடும். லித்தியமும் அலுமினியமும் கசடாகப் போகும். முன்தயாரிப்பு குறைவு, எந்த வகை பேட்டரியையும் போடலாம். ஆனால் லித்தியத்தைக் கசடிலிருந்து மீட்பது தனிச் செலவு.

மற்றது அமிலம். கருந்தூளைச் சுமார் 70 டிகிரிச் சூட்டில் கந்தக அமிலத்தில் கரைப்பார்கள். கூடவே ஹைட்ரஜன் பெராக்சைடு. கேத்தோடில் இருக்கும் கோபால்ட் அப்படியே எளிதில் கரையாது. பெராக்சைடு அதைக் கரையும் நிலைக்கு இறக்கித் தருகிறது. கிராஃபைட் கரையாமல் வடிகட்டியில் நின்றுவிடும். பிறகு காரம் சேர்த்து அமிலத்தன்மையைக் குறைத்துக்கொண்டே வந்தால் இரும்பும் அலுமினியமும் முதலில் வீழ்படிவாகும். அவசரப்பட்டுக் காரத்தை மொத்தமாகக் கொட்டினால் அலுமினியம் கூழாகத் திரண்டு நிக்கலையும் பிடித்துக்கொள்ளும், வடிகட்டியும் அடைத்துக்கொள்ளும். அடுத்து மண்ணெண்ணெய் போன்ற எண்ணெயில் கலந்த கரைப்பான்களால் மாங்கனீஸ், கோபால்ட், நிக்கல் என்று ஒவ்வொன்றாக உருவுவார்கள். லித்தியம் கடைசி. அதற்குச் சலவைச் சோடா சேர்த்து, கரைசலை நன்றாகச் சூடேற்ற வேண்டும். சர்க்கரைக்கு நேர்மாறாக லித்தியம் கார்பனேட் சூட்டில் குறைவாகக் கரையும்: 20 டிகிரியில் லிட்டருக்கு 13 கிராம், 100 டிகிரியில் 7 கிராம். ஆறிய கரைசலில் வடிகட்டினால் கூடுதலாகக் கரைந்த லித்தியம் தண்ணீரோடு போச்சு.

இந்த வழியின் கழிவு சோடியம் சல்பேட். திருப்பூர் சாயப்பட்டறைக்காரர்களுக்கு நன்றாகப் பழக்கமான அதே கிளாபர் உப்பு. உப்புத்தண்ணீரை ஆற்றில் விட முடியாமல், கொதிக்கவைத்து வற்றச் செய்யும் செலவு சாயத்தொழிலை எப்படி உலுக்கியது என்று கொங்குநாட்டுக்குத் தெரியும். பேட்டரி ஆலைக்கும் அந்தச் செலவு காத்திருக்கிறது. விளம்பரப் படங்களில் இந்தப் பகுதி வருவதில்லை.

இரும்புப் பேட்டரியின் சங்கடம்

2022 நவம்பரில் சீனச் சந்தையில் லித்தியம் கார்பனேட் டன்னுக்கு ஏறத்தாழ 6 லட்சம் யுவான். அந்த விலையில் எல்.எஃப்.பி.யைக் கரைத்து லித்தியம் மட்டும் எடுத்தாலே லாபம். 2024 தொடக்கத்தில் அது 1 லட்சத்துக்கும் கீழே போனது. நிக்கல், கோபால்ட் என்று முட்டுக்கொடுக்க வேறெதுவும் இல்லாத எல்.எஃப்.பி. அப்போது சுமையானது. அதே வகைதான் வண்டிகளில் வேகமாகப் பெருகிக்கொண்டிருக்கிறது. எளிதில் தீப்பிடிக்காது, அதிக முறை ஏற்றி இறக்கலாம், விலையும் குறைவு. ஓட்டுபவருக்குச் சாதகமான எல்லாமே மறுசுழற்சி செய்பவருக்குப் பாதகம். எல்.எஃப்.பி.யை முடிந்தவரை இரண்டாம் வேலையில் வைத்திருப்பதும், கடைசியில் குறைந்த அமிலத்தோடு பெராக்சைடு சேர்த்து லித்தியத்தை மட்டும் உருவிக்கொண்டு இரும்பு பாஸ்பேட்டைத் திடமாகவே விட்டுவிடுவதும்தான் இன்றைக்குப் புத்திசாலித்தனமாகத் தெரிகிறது.

சந்தை விலை கைவிடும் இடத்தில் சட்டம் வர வேண்டும். இந்தியாவின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் 2022 ஆகஸ்டில் வந்தன. பேட்டரியைச் சந்தைக்கு விட்டவரே திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை ஏற்க வேண்டும்; புதைப்பதும் எரிப்பதும் கூடாது. மின்வாகன பேட்டரியின் உலர் எடையில் 2024-25இல் 70, 2025-26இல் 80, 2026-27 முதல் 90 சதவீதம் மீட்கப்பட வேண்டும் என்று விதி சொல்கிறது.

சதவீதத்தைக் கேட்டதும் எதன் சதவீதம் என்று கேட்பது நல்லது. நம் 20 கிலோ பெட்டியில் லித்தியம் 300 கிராம், அதாவது 1.5 சதவீதம். "98 சதவீதம் மீட்கிறோம்" என்று உண்மையாகவே சொல்லிக்கொண்டு லித்தியம் முழுவதையும் கசடில் விட்டுவிட முடியும். ஐரோப்பிய ஒன்றியம் உலோகவாரியாக இலக்கு வைத்திருக்கிறது: 2027 முடிவுக்குள் லித்தியத்தில் 50 சதவீதம், கோபால்ட், நிக்கல், செம்பில் 90, 2031 முடிவுக்குள் 80, 95.

வீட்டில் இருக்கும் பழைய பேட்டரிக்கு

கழற்றிய பேட்டரியை முழு சார்ஜிலோ முழுக் காலியாகவோ வைக்காமல் 30 சதவீத வாக்கில், நிழலில், மாடிப்படிக்கு அடியிலோ வாசலை ஒட்டியோ இல்லாமல் வையுங்கள். தீப்பிடித்தால் வெளியேறும் வழி அடைபடக் கூடாது. முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள்.

உப்பிய, அடிபட்ட, இனிப்பு கலந்த கரைப்பான் வாடை வரும் பேட்டரியைச் சார்ஜ் போட்டுச் சோதிக்கக் கூடாது. வெள்ளத்தில் மூழ்கியதும் அப்படித்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் வண்டிகள் மூழ்கியது போல நேர்ந்தால், வெளியே காய்ந்துவிட்டதே என்று நம்ப முடியாது. உள்ளே தங்கிய உப்பும் சேறும் அரித்து, நாட்கள் கழித்தும் தீ வரலாம். திறந்தவெளியில், கட்டடங்களிலிருந்து 15 மீட்டராவது தள்ளி வைத்துவிட்டுச் சேவை மையத்துக்குச் சொல்ல வேண்டும். புகை வந்தால் நெருங்காமல் 112 அல்லது 101க்கு அழைக்க வேண்டும்.

பார்சல் சர்வீஸில் 'உதிரி பாகம்' என்று எழுதிப் போட்டு அனுப்பாதீர்கள். லித்தியம் அயான் பேட்டரி போக்குவரத்தில் யு.என். 3480 என்ற எண்ணில், ஒன்பதாம் வகை அபாயப் பொருளாக வகைப்படுத்தப்பட்டது. பழுதானதற்குக் கட்டுப்பாடு இன்னும் கூடுதல். வண்டி விற்ற நிறுவனத்தின் மையமே முதல் இடம். அங்கே கொடுக்கும்போது பேட்டரியின் வரிசை எண் எழுதிய ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இணையதளத்தில் பதிவு பெற்ற மறுசுழற்சியாளர் பட்டியல் இருக்கிறது. அதிலுள்ள ஒருவரிடம், இது என்.எம்.சி.யா எல்.எஃப்.பி.யா என்று லேபிளைப் பார்த்துச் சொல்லி விலை கேளுங்கள். அவர் அடுத்து கேட்கப்போகும் கேள்வியும் அதுதான்.